ஆள் கால் படாத காட்டின் தேன்

மதுரை கீழமாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மலைச்சரக்கு விற்கும் சிறிய நாட்டு மருந்துக் கடை ஒன்று இருக்கிறது. கடுக்காய், நன்னாரி வேர், கல்பாசி, குங்கிலியம் ஆகியவை திறந்த சாக்குகளிலும், ஈச்சமாறு கட்டுக்கட்டாக வாசலிலும் கிடக்கும். சென்ற மாதம் அங்கே ‘மலைத்தேன்’ என்று எழுதிய அரைக் கிலோ பாட்டில் ஒன்றை 480 ரூபாய்க்கு வாங்கி, மூன்று வாரங்களாக வீட்டில் பயன்படுத்தி வருகிறோம். தேனைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது.

முதலில் தேன். கருப்பட்டிப் பாகின் நிறம். ஆனால் பாகைவிட இளக்கமாக ஓடுகிறது. நாவில் பட்டவுடன் இனிப்பும், விழுங்கியபின் தொண்டையடியில் மெல்லிய கசப்பும் தெரிகின்றன. நாவல் பூத்த காலத்துத் தேனில் இந்தக் கசப்பு வருவது இயல்பு. நான்காம் நாள் மூடியைத் திருகியபோது ‘புஸ்’ என்று காற்று வெளியேறி, மேலே நுரை கட்டியிருந்தது. கலப்படம் என்று வீட்டில் பயந்தார்கள். அது கலப்படத்தின் அடையாளம் அல்ல. பாறையில் கூடு கட்டும் பெருந்தேனீயின் தேனில் நீர் கூடுதலாக இருக்கும். உணவுத் தரவிதி 20 விழுக்காடு வரை ஈரத்தை அனுமதிக்கிறது, மழையை ஒட்டி எடுத்த தேன் அதைத் தாண்டிவிடும், காய்ச்சாமல் அடைத்தால் நுரைக்கும். கடைக்காரர் ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது கரையாமல் அடியில் நிற்பதைக் காட்டிச் சுத்தத்தை நிரூபித்தார். கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படித்தான் நிற்கும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இனி லேபிள். தலையில் கழுகுச் சிறகுகளை வட்டமாகச் செருகி, கையில் ஈட்டி ஏந்திய ஒருவரின் படம் அதில் இருக்கிறது. அது வட அமெரிக்கச் சமவெளி மக்களின் தலையணி. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதை அணிந்தவர் யாரும் இல்லை. படத்தின் கீழே, ‘ஆள் கால் படாத அடர்வனத்தில் ஆதிவாசிகள் சேகரித்தது’ என்ற வாசகம். ஆள் கால் படாத காட்டில் சேகரித்தவர் யார்? ஒரே வரியின் முன்பாதி பின்பாதியை அழித்துவிடுகிறது. எழுதியவர் இதைக் கவனித்திருக்க மாட்டார். ஆனால் இந்தத் தவறு அவர் கண்டுபிடித்ததும் அல்ல.

“சதுரகிரிப் பக்கத்துச் சரக்கு சார்” என்றார் கடைக்காரர். அது உண்மையானால் எடுத்தவர்கள் பளியர்கள் என்ற பழங்குடியினர். பேரையூர் வட்டத்துச் சாப்டூர் அடிவாரம் முதல் வருசநாடு, பழனி மலை வரை அவர்களுடைய நிலம். கொடிக்கயிற்றில் பாறை முகட்டிலிருந்து இறங்கி, பச்சைத் தழையில் புகை மூட்டி ஈயை விலக்கி அடையை அறுப்பவர்கள். வள்ளிக்கிழங்கைத் தோண்டினாலும் கொடியின் தலையை மண்ணுக்குள் திரும்பப் புதைத்துவிட்டு வருகிறவர்கள். உழவும் வேலியும் இல்லாததால் அந்த நிலத்தை யாரும் பேணவில்லை என்று வெள்ளைக்காரர்கள் எழுதினார்கள்.

1821இல் வார்டு என்ற அதிகாரி பழனி மலையை அளந்தார். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் பங்களா கட்டினார்கள். 1863இல் கலெக்டர் லெவிஞ்சு ஏரியைத் தேக்கினார். இவற்றையெல்லாம்விடக் கனமாக இறங்கியது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். அது காட்டை அரசின் பிடியிலுள்ள ‘காப்புக்காடு’ ஆக்கியது. மலைமக்கள் உண்டதும் விற்றதும் வனத்துறைக் கணக்கில் ‘சிறு வன மகசூல்’ என்ற தலைப்புக்குள் போயின. தேனும் கடுக்காயும் ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டன. கடுக்காய் தோல் பதனிடக் கப்பலேறியது. பாறையில் இறங்கியவருக்குக் கிடைத்தது குத்தகைதாரர் அளந்த அரிசியும் உப்பும், அவற்றுக்கான கடனும். புல்வெளிகளை வீண்நிலம் என்று கருதி வாட்டில் என்ற அயல்நாட்டு மரத்தையும் தைலமரத்தையும் நடும் பழக்கமும் அக்காலத்தில் தொடங்கியதுதான். நம் அரசுகள் அதைப் பன்மடங்காக்கின. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கடைசியாக 2018இல், குறிஞ்சி பூத்து ஈக்களுக்குத் தேன் தந்த சரிவுகள் பல அந்த மரங்களுக்குக் கீழே போயின.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலின் உரிமையைச் சேகரிப்பவருக்கே தந்தது. தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது நீதிமன்ற உத்தரவால் 2016 வரை தடைபட்டிருந்தது. சதுரகிரியைச் சுற்றிய காடு 1988இல் சரணாலயமாகவும் 2021இல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. பளியர்களில் பலர் இன்று அடிவாரக் காலனிகளிலிருந்து தோட்டக் கூலிக்குப் போகிறார்கள். ‘ஆள் கால் படாத காடு’ என்று அச்சடிக்கும்போது நாம் எந்தப் பழைய கோப்பைப் பார்த்து எழுதுகிறோம் என்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். லேபிளில் மலையின் பெயர் இல்லை, மாதம் இல்லை, எடுத்தவர்களுக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதும் இல்லை. பதினான்கு இலக்க உணவு உரிம எண் மட்டும் தெளிவாக இருக்கிறது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், மூடியை இறுக்காமல் வையுங்கள். அதே கடையின் நன்னாரி வேர் இன்னும் நல்ல சரக்கு. ஜிகர்தண்டாக் கடை சர்பத்தில் கிடைக்காத மணம் அதில் இருக்கிறது. அதுவும் மலையிலிருந்து யாரோ தோண்டி இறக்கியதுதான். சாக்கில் இருப்பதால் பொய் சொல்லும் லேபிள் அதற்கு இல்லை.

இரண்டாம் முறை போனபோது சிறகுத் தலையைக் காட்டி, இதையாவது மாற்றக்கூடாதா என்று கேட்டேன். கடைக்காரர் கோபப்படவில்லை. கல்லாவுக்குப் பின்னாலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார். “இன்னும் ரெண்டாயிரம் லேபிள் கிடக்கு சார். தீரட்டும், பாப்போம்.”