ஆள்வாரியாக இணைப்பதா, தெருவாரியாக இணைப்பதா?

ஆஸ்பத்திரிப் பதிவையும் வீடு வீடாக எடுக்கும் கணக்கையும் எதை வைத்துச் சேர்ப்பது? களப்பணியாளர்களை விடாமல் குழப்பும் கேள்வி இது.

உழைப்பு
ஆள்வாரி: பெயரே தகராறு. களப்பதிவேட்டில் 'செ. முருகன்', ஆஸ்பத்திரிச் சீட்டில் 'எஸ். முருகன்'. 14 இலக்க ஆபா எண் (ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும் மத்திய அரசின் சுகாதார அடையாள எண்) இருந்தால் சிக்கல் தீரும். ஆனால் அட்டையைக் கையோடு கொண்டுவருகிறவர்கள் எத்தனை பேர்?
தெருவாரி: முகவரி போதும். அதிலும் ஒரு பொறி உண்டு: சிகிச்சைக்காக மகள் வீட்டில் தங்கியவர் அந்தத் தெருவைச் சொல்லிவிடுவார்.

பலன்
ஆள்வாரி: மாத்திரை வாங்க வராதவர் யாரென்று தெரியும்.
தெருவாரி: காய்ச்சல் கூடும் இடமும் கொசுப்புழு கிடைத்த தொட்டிகளும் ஒரே வரைபடத்தில் தெரியும்.

அந்தரங்கம்
ஆள்வாரி: நோயாளியின் ஒப்புதலும் பதிவுக்குப் பூட்டும் கட்டாயம்.
தெருவாரி: கவலை குறைவு. ஆனால் நாலே வீடுள்ள சந்து என்றால் யாருக்கு நோய் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய்க்கு ஆள்வாரிதான். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' போல மாதாமாதம் வீட்டுக்கு மருந்து போகும் திட்டத்துக்கு வேறு வழியில்லை. டெங்குவுக்குத் தெருவாரி. முட்டை கொசுவாக ஏழெட்டு நாளே போதும். முருகன் எந்த முருகன் என்று தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.