பண்ணை முயலுக்கு கம்மி பட்ஜெட்ல ரைஃபிளும் ஸ்கோப்பும்

ஆஸ்திரேலியால பண்ணை வச்சிருக்கவங்களுக்கு முயல் தொல்லைய பத்தி சொல்லவே வேணாம், 1859ல விக்டோரியால வேட்டையாடி பொழுதுபோக்கன்னு கொண்டுவந்து விட்டது, இன்னிக்கு வரைக்கும் இளம்பயிர ஒட்ட மேயுது.

நான் எடுத்தது ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர்ங்கிற ரைஃபிள், .22 எல்ஆர்ங்கிற சின்ன ரிம்ஃபயர் தோட்டா (விளிம்புல அடிச்சு வெடிக்கிறது) போடுறது, ஒவ்வொரு தடவையும் கையால இழுத்து லோட் பண்ற போல்ட் ஆக்‌ஷன். இங்க துப்பாக்கி லைசன்ஸ்ல கேட்டகரி ஏ போதும், ஆனா வாங்குறதுக்கு முன்னாடி பர்மிட் போடணும். 10 ரவுண்ட் மேகசின், ட்ரிக்கர நாமளே அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், பண்ணை வேலைக்கு தாராளம். இதே மாதிரி இன்னொரு ரைஃபிள் சிஇசட் 457, அத மர ஸ்டாக்கோட கையில எடுத்தா கீழ வைக்க மனசு வராது, ஆனா பட்ஜெட் டைட்னா அந்த வித்தியாச காச ஸ்கோப்ல போடுங்க.

ஸ்கோப்ல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்ல பேரலாக்ஸ் (எந்த தூரத்துல கண்ணு நகந்தாலும் குறி நகராதோ அந்த செட்டிங்) பெரும்பாலும் 100 யார்டுக்கு செட் பண்ணிருப்பாங்க, நாம சுடுறதோ 50 மீட்டர் பக்கம், கண்ணு கொஞ்சம் நகந்தாலும் க்ராஸ்ஹேர், அதாவது குறிக்கோடு, முயல் தலைய விட்டு நகரும். ரிம்ஃபயருக்குன்னே 50 யார்டு செட்டிங்ல வர்றத கேட்டு வாங்குங்க, 3-9x40 (3லருந்து 9 மடங்கு பெருசாக்கும், முன் லென்ஸ் 40 மிமீ) போதும், 16x எல்லாம் வேணாம். 50 மீட்டர்ல குறி சரியா விழுற மாதிரி ஜீரோ பண்ணா 100 மீட்டர்ல குண்டு அஞ்சாறு இன்ச்சுக்கு மேல இறங்கிடும், அவ்ளோ தூரத்துல சுட்டு காயம்பட்டு ஓட விடுறது பாவம்.

நரிக்கு இது பத்தாது, இதவிட பவரான .223 தோட்டா ரைஃபிள் வேணும், அதுக்கு கேட்டகரி பி. அப்புறம் பின்னாடி மண்மேடு இல்லாம சுடவே சுடாதீங்க, இந்த சின்ன குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரைக்கும் போகும்.