கேவிஎம் சுவிட்சும் காணாமல் போகும் மானிட்டரும்: நீண்ட நாள் அனுபவம்

ஒரு 27 அங்குல 4கே மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். அவற்றுக்குப் பின்னால் ஒரு டெஸ்க்டாப், அலுவலக லேப்டாப், எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. ஒரே கீபோர்டு, மவுஸ், மானிட்டரைப் பல கம்ப்யூட்டர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் கேவிஎம் சுவிட்ச். இந்த மூன்றையும் அதன் வழியாகப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நடுவில் சுவிட்சை மாற்ற வேண்டி வந்தது. காரணம் கீபோர்டோ மவுஸோ இல்லை, முழுக்க டிஸ்ப்ளேதான். வாங்கப் போகிறவர்கள் எத்தனை போர்ட், எத்தனை யூஎஸ்பி என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு: ஒரு கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு, மற்ற கம்ப்யூட்டர்களிடம் "மானிட்டர் இன்னும் இருக்கிறது" என்று அந்தச் சுவிட்ச் சொல்லிக்கொண்டே இருக்குமா?

என் பழைய சுவிட்ச் அப்படிச் சொல்லாத ரகம். டெஸ்க்டாப்பில் நாலைந்து விண்டோக்களை அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, லேப்டாப்புக்குப் போய் ஒரு மெயிலுக்குப் பதில் எழுதிவிட்டுத் திரும்பினால், அத்தனையும் சுருங்கி ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். லேப்டாப்பில் வேறு மாதிரி. மானிட்டர் போனதும் எல்லாம் அதன் சொந்தத் திரைக்கு ஓடிவிடும், மானிட்டர் வந்த பிறகும் பாதிதான் பழைய இடத்துக்குத் திரும்பும். லினக்ஸ் பெட்டியோ சில நேரம் 1024×768-இல் வந்து நிற்கும். 4கே திரையில் அந்த எழுத்தைப் படிக்கவே கண் வலிக்கும்.

இதற்குக் காரணம் கிராபிக்ஸ் டிரைவர் என்றே பலரும் நினைத்து, அதை நீக்கி மறுபடி போட்டுப் பார்க்கிறார்கள். டிரைவருக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் இடிஐடி என்று ஒரு சிறிய தகவல் தொகுப்பு இருக்கிறது. அடிப்படைப் பகுதி 128 பைட், அதற்கு மேல் கூடுதல் பகுதிகளும் இருக்கலாம். மானிட்டரின் பெயர், அளவு, எந்த ரெசல்யூஷன், எந்த ரெஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது) எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். மானிட்டர் இருக்கிறதா என்பதைத் தெரிவிக்கத் தனியாக ஒரு கம்பி உண்டு. எச்டிஎம்ஐ என்ற வீடியோ இணைப்பில் அது 19-ஆம் பின். சாதாரணச் சுவிட்ச் வேறு கம்ப்யூட்டருக்கு மாறும்போது இந்தக் கம்பியையும் சேர்த்துத் துண்டித்துவிடுகிறது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை யாரோ கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள். அதற்கேற்ப விண்டோக்களை அள்ளி ஒதுக்குகிறது. திரும்பி வரும்போது எல்லாத் தகவலையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். அந்தப் படிப்பு ஒழுங்காக நடக்காவிட்டால், எந்தத் திரையிலும் ஓடக்கூடிய ஒரு சிறிய ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுத்துவிடும்.

இதை லினக்ஸில் கண்ணாலேயே பார்க்கலாம். மானிட்டர் தரும் இடிஐடியை அங்கே ஒரு கோப்பாகப் படிக்க முடியும். நெட்வொர்க் வழியாக அந்தப் பெட்டிக்குள் நுழைந்து வைத்துக்கொண்டு, சுவிட்ச் பட்டனை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் படித்துப் பார்த்தேன். முன்னால் 256 பைட் வந்தது. பட்டனை அழுத்தியதும் ஒன்றுமே வரவில்லை, வெறும் 0. அதற்கு மேல் சந்தேகப்பட இடமில்லை.

இப்போது வைத்திருப்பது இடிஐடி எமுலேஷன் உள்ள சுவிட்ச். வேறு கம்ப்யூட்டருக்கு மாறினாலும், மானிட்டரின் தகவலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். இது வந்த பிறகு விண்டோக்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கின்றன. மாறுவதற்கு ஆகும் நேரமும் குறைந்தது. ஆனால் எமுலேஷன் என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதாது. சில சுவிட்சுகள் தங்களுக்குள் பொதுவான ஒரு இடிஐடியைத்தான் வைத்திருக்கும், சில உங்கள் மானிட்டரிடமிருந்தே படித்து நகல் எடுக்கும். பொதுவானதாக இருந்தால், உங்கள் மானிட்டரின் உண்மையான ரெசல்யூஷனோ உயர்ந்த ரெஃப்ரெஷ் ரேட்டோ பட்டியலிலேயே வராமல் போகலாம். அகலத் திரை மானிட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நகல் எடுக்கும் வகை வாங்கினாலும், மானிட்டரை மாற்றினால் நகலையும் புதிதாக எடுக்க வேண்டும்.

அடுத்த தலைவலி "4கே" என்ற முத்திரை. எச்டிஎம்ஐ 1.4-இன் அதிகபட்ச வேகம் நொடிக்கு 10.2 ஜிகாபிட். அதில் முழு நிறத்தோடு 4கே ஓட்டினால் 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். படம் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் மவுஸை நகர்த்திப் பாருங்கள், அம்புக்குறி விட்டுவிட்டுத் தாவும். ஒவ்வொரு ஃப்ரேமும் 33 மில்லிசெகண்ட் நிற்கிறது. சில சுவிட்சுகள் இதே வேகத்துக்குள் 60 ஹெர்ட்ஸ் காட்ட நிறத் தகவலைக் குறைத்து அனுப்பும். அப்போது கறுப்புப் பின்னணியில் உள்ள சிறிய சிவப்பு எழுத்து ஓரம் கரைந்தாற்போல் தெரியும். நாள் முழுக்க எழுத்தைப் பார்த்து வேலை செய்கிறவருக்கு இரண்டுமே ஆகாது. 18 ஜிகாபிட் செல்லும் எச்டிஎம்ஐ 2.0, அல்லது இன்னொரு வகை வீடியோ இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட்டில் 1.2-க்குக் குறையாதது என்று விவரப் பக்கத்தில் எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள்.

கேபிள் விஷயத்தில் சுருக்கமாக: கம்ப்யூட்டரிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து மானிட்டர், இரண்டு நீளத்தையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கினாலோ, ஒரு நொடி கறுத்துத் திரும்பி வந்தாலோ, முதலில் நீளம் குறைந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் 20-ஆவது பின் இரு முனைகளுக்கும் இணைந்திருக்கக் கூடாது. மலிவான சில கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள், அப்புறம் மானிட்டரிலிருந்து மின்சாரம் திரும்பிப் பாய்ந்து விசித்திரமான தொல்லைகள் வரும். டிஸ்ப்ளேபோர்ட்டை எச்டிஎம்ஐ ஆக்கும் சாதாரண அடாப்டரைச் சுவிட்சோடு சேர்க்காமல் இருப்பது நல்லது. நேராகக் குத்தினால் வேலை செய்யும் அதே அடாப்டர், நடுவில் சுவிட்ச் வந்ததும் திரையைக் காட்டாமல் போகலாம். சிக்னலைத் தானே மாற்றித் தரும் ஆக்டிவ் அடாப்டர் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

மானிட்டரின் மெனுவிலும் ஒரு வேலை இருக்கிறது. உள்ளீட்டைத் தானாகத் தேடும் வசதியை அணைத்துவிடுங்கள். சுவிட்ச் மாறும் அந்த இரண்டு மூன்று நொடியில் சிக்னல் இல்லை என்று மானிட்டர் மற்ற போர்ட்டுகளைத் தேடப் போய்விடும், திரும்பி வருவதற்குள் கம்ப்யூட்டர் ஓய்ந்துவிடும். நிறம் வெளிறித் தெரிந்தால் கிராபிக்ஸ் அமைப்பில் ஆர்ஜிபி முழு அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்ச் காட்டும் இடிஐடியை வைத்து எதிரில் இருப்பது டிவி என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டால் இப்படி ஆகும்.

புதிய சுவிட்ச் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு இரண்டு வழி சொல்வேன். விண்டோஸ் 11-இல் மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோக்களின் இடத்தை நினைவில் வைக்கும் ஒரு அமைப்பு, டிஸ்ப்ளே பகுதியில் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் தொல்லை பாதி குறையும். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: வீடியோவைச் சுவிட்ச் வழியாகவே விடாதீர்கள். மானிட்டரில் போதுமான உள்ளீடுகள் இருந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் நேராக அதில் இணைத்து, கீபோர்டு, மவுஸுக்கு மட்டும் யூஎஸ்பி சுவிட்ச் வைத்தால் போதும். உள்ளீட்டை மாற்ற மானிட்டர் பட்டனைத் தேட வேண்டியதும் இல்லை. டிடிசி சிஐ என்ற முறையை ஏற்கும் மானிட்டர்களுக்குக் கம்ப்யூட்டரிலிருந்தே கட்டளை அனுப்பி உள்ளீட்டை மாற்றலாம், அதை ஒரு கீபோர்டு குறுக்குவழியில் போட்டு வைக்கலாம். ஆனால் சில மானிட்டர்கள் வேறு உள்ளீட்டுக்குப் போனதும் பழையதைத் துண்டித்துவிடும் என்பதால், உங்கள் மானிட்டரில் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போதைய சுவிட்சிலும் ஒரு குறை மீதி இருக்கிறது. லேப்டாப் தூக்கத்திலிருந்து எழும்போது எப்போதாவது திரை கறுப்பாகவே நிற்கும். அப்போது சுவிட்சின் மின்சாரத்தை அணைப்பதில்லை, அணைத்தால் மற்ற இரண்டும் மானிட்டரை இழந்துவிடும். லேப்டாப் பக்கக் கேபிளை மட்டும் கழற்றிச் செருகினால் படம் வந்துவிடுகிறது.