‘கமர்ஷியல்’ என்று சொல்லி விற்கப்படும் சலவை இயந்திரம்: முன்பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

வீட்டுக்கு நீண்ட காலம் உழைக்கும் வணிகத் தரச் சலவை இயந்திரம் ஒன்றை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘கமர்ஷியல்’ என்று சொல்லி எங்களுக்கு விற்கப்பட்ட இயந்திரம், உண்மையில் வீட்டு உபயோக மாடல். ஆனால் அதற்குப் போடப்பட்ட ரசீது, வணிகப் பயன்பாட்டுக்கு விற்றதாகச் சொல்கிறது. இந்த இரண்டும் சேர்ந்ததால், கையில் கொடுத்த உத்தரவாத அட்டை முதல் நாளிலிருந்தே செல்லாத காகிதமாக இருந்திருக்கிறது. பழுது ஏற்படும் வரை அது வெளியே தெரியாது என்பதுதான் இதில் மிகவும் கொடுமையானது.

எங்கள் வீட்டில் படுக்கையிலேயே இருக்கும் முதியவர் ஒருவரும் சிறு குழந்தைகளும் இருப்பதால், விரிப்புகளையும் போர்வைகளையும் நாள்தோறும் துவைத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் மூன்று முறையாவது இயந்திரம் ஓடும். முன்பு இருந்த முன்கதவு இயந்திரத்தில் டிரம்மைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் தேய்ந்தபோது, டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் வெளித்தொட்டி இரு பாதிகளாக வார்த்து உருக்கி ஒட்டப்பட்டது என்பதால் பேரிங்கை மட்டும் மாற்ற வழியில்லை, தொட்டி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கைக்குள் அடங்கும் ஓர் உதிரிபாகத்துக்காக முழு இயந்திரத்தையும் கழித்துக்கட்ட வைக்கும் அந்த வடிவமைப்பு எங்களுக்கு மிகுந்த கசப்பைத் தந்தது. அதனால்தான் விடுதிகளிலும் சலவை நிலையங்களிலும் ஓடுவதைப் போன்ற, பழுது பார்த்துப் பார்த்து ஓட்டக்கூடிய இயந்திரத்தைத் தேடினோம். அந்தத் தேவை நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். அந்தத் தேவையோடு கடைக்கு வருபவரை எப்படி வளைக்கிறார்கள் என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விற்பனையாளர் எங்களுக்குக் காட்டிய மாடலின் முகப்பில் ‘கமர்ஷியல்’ என்ற ஸ்டிக்கர் இருந்தது. அதற்குச் சான்றாக அவர் மூன்று விஷயங்களைச் சொன்னார். இயந்திரம் கனமாக இருக்கிறது, மோட்டாருக்கு 10 ஆண்டு உத்தரவாதம் உண்டு, டிரம் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. மூன்றும் உண்மை, ஆனால் மூன்றில் ஒன்றுகூட வணிகத் தரத்துக்கு அடையாளம் அல்ல. சாதாரண வீட்டு முன்கதவு இயந்திரங்களே பொதுவாக 60 முதல் 80 கிலோ வரை எடை கொண்டவை. அந்த எடையில் கணிசமான பங்கு, பிழியும்போது இயந்திரம் துள்ளாமல் இருப்பதற்காகத் தொட்டியில் பொருத்தப்படும் கான்கிரீட் கட்டிகளைச் சேர்ந்தது. வேகத்தை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் மோட்டாரில், உரசித் தேயும் கார்பன் பிரஷ் இல்லாததால் தேய்வதற்கு அதிகம் எதுவும் இல்லை. ஆகவே மோட்டாருக்கு நீண்ட உத்தரவாதம் தருவதில் உற்பத்தியாளருக்குப் பெரிய சுமை கிடையாது. நடைமுறையில் பழுதாகிறவை பேரிங், அதன் முன்னால் இருக்கும் ரப்பர் சீல், மின்னணு போர்டு, தண்ணீரை வெளியேற்றும் பம்பு ஆகியவைதான். அந்தப் பத்து ஆண்டுக் கணக்கு இவற்றில் எதையும் தொடுவதில்லை. எஃகு டிரம்மைப் பொறுத்தவரை, இன்று பெரும்பாலான வீட்டு இயந்திரங்களிலும் அதுதான் இருக்கிறது. கேட்க வேண்டியது டிரம்மின் முதுகில் அதைத் தாங்கி நிற்கும் மூன்று கைகள் கொண்ட ‘ஸ்பைடர்’ எதனால் ஆனது என்பதை. வீட்டு மாடல்களில் அது பெரும்பாலும் அலுமினியக் கலவை. சோப்புப் படிவும் ஈரமும் சூழ்ந்த இடத்தில் எஃகோடு இணைந்திருப்பதால் அலுமினியம் மெல்ல அரித்துக்கொண்டே போய், ஒரு நாள் உடைந்துவிடும்.

ஓராண்டு முடிவதற்குள்ளாகவே பிழியும் சுற்றில் இரைச்சல் தொடங்கியது. நாளாக ஆக, அது பக்கத்து அறையில் பேசுவதே கேட்காத அளவுக்கு வளர்ந்தது. இயந்திரத்தின் பின்புறத்தில் துரு நிறத்தில் நீர்க்கசிவின் தடமும் தெரிந்தது. சீல் வழியாகத் தண்ணீர் புகுந்தால் பேரிங் துருப்பிடிப்பதும், துருப்பிடித்த பேரிங் அப்படி அலறுவதும் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, காலி டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். தொட்டியும் டிரம்மும் சேர்ந்து அசைந்தால் அது ஸ்பிரிங்குகளின் இயல்பான ஆட்டம். தொட்டி நிற்க டிரம் மட்டும் தனியாக ஆடினால் பேரிங் போய்விட்டது என்று பொருள்.

உற்பத்தி நிறுவனம் அனுப்பிய டெக்னீஷியன் முதலில் பார்த்தது இரைச்சலை அல்ல, இயந்திரத்தில் பதித்திருந்த விவரத் தகட்டைத்தான். அந்த மாடல் எண் தங்கள் வீட்டு உபயோக வரிசையைச் சேர்ந்தது என்றும், முகப்பில் இருக்கும் ஸ்டிக்கர் தங்கள் தொழிற்சாலையில் ஒட்டியது அல்ல என்றும் அவர் சொன்னார். அதன் பிறகு ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் ‘வணிகப் பயன்பாட்டு இயந்திரம்’ என்று அச்சிட்டிருந்தது. வீட்டு உபயோக மாடல்களின் உத்தரவாத விதிகளில், வணிக நோக்கில் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்ற வரி ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிடமும் உண்டு. ஆக, விற்பனையாளர் எழுதிக்கொடுத்த ரசீதே எங்கள் கோரிக்கைக்கு எதிரான சாட்சியாக மாறியது. நாங்கள் வீட்டில்தான் பயன்படுத்துகிறோம் என்பதை டெக்னீஷியன் கண்ணாலேயே பார்த்தார். ஆனால் ரசீதை மீறி எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. கடையிலோ, பழுது என்றால் நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும் என்ற ஒரே பதில். மறுமுனையிலும் இதே கண்ணி இருக்கிறது என்பதைப் பிறகு அறிந்தேன்: உண்மையான வணிக இயந்திரங்களில் சிலவற்றின் உத்தரவாதம், அவை வீடுகளில் நிறுவப்பட்டால் செல்லாது அல்லது சுருங்கிவிடும். இயந்திரத்தின் வகை, ரசீதில் உள்ள சொல், நீங்கள் அதை வைக்கும் இடம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், உத்தரவாதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

உண்மையான வணிக இயந்திரம் எப்படி இருக்கும் என்பதைச் சலவைத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் கடையிலேயே வேறுபாட்டைக் கண்டுகொள்ளலாம். எளிதான சோதனை, விவரக் குறிப்பில் டிரம்மின் கொள்ளளவை லிட்டரில் பார்ப்பது. தொழில்முறைச் சலவையில் 1 கிலோ உலர்ந்த துணிக்கு டிரம்மில் சுமார் 10 லிட்டர் இடம் என்பது வழக்கமான கணக்கு. வீட்டு மாடல்களிலோ 65 லிட்டர் டிரம்மையே 9 கிலோ என்று எழுதுவது உண்டு. கிலோவை மட்டும் சொல்லி லிட்டரைச் சொல்ல மறுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அடுத்தது தண்ணீர் வெளியேறும் முறை: வணிக இயந்திரங்கள் பலவற்றில் பம்பு இருக்காது; அடியில் ஓர் அகன்ற வால்வு திறந்து, தண்ணீர் தன் எடையாலேயே கீழே இறங்கும். அதற்குத் தரை மட்டத்தில் வடிகால் வேண்டும். துணியைக் கொதிநிலைக்கு அருகே சூடாக்கும் ஹீட்டர்கள் பெரியவை என்பதால், பல மாடல்களுக்கு மும்முனை மின் இணைப்பு இல்லாமல் முடியாது. பேரிங்குகள் கனமான உலோகக் கூட்டில் அமர்ந்திருக்கும். அவற்றைக் கழற்றி மாற்ற வழி செய்தே வடிவமைத்திருப்பார்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது இயந்திரம் நிற்கும் முறை. வணிக இயந்திரங்களில் தரையோடு போல்ட் போட்டு இறுக்கும் வகை ஒன்று, ஸ்பிரிங்குகளிலும் ஷாக் அப்சார்பர்களிலும் மிதக்கும் வகை மற்றொன்று. முதல் வகைக்குக் கனமான கான்கிரீட் அடித்தளம் தேவை. மாடி வீட்டில் அதை வைப்பது கட்டடத்துக்கே கேடு. அதிர்வுக்கு அஞ்சி அதில் பிழியும் வேகத்தையும் குறைவாகவே வைத்திருப்பார்கள். விட்டம் 65 செ.மீ. உள்ள டிரம் நிமிடத்துக்கு 500 முறை சுழன்றால், துணியின் மீது புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 90 மடங்கு விசைதான் செயல்படும். வீட்டு இயந்திரத்தின் 50 செ.மீ. டிரம் 1,400 முறை சுழலும்போது அது ஏறத்தாழ 550 மடங்கு. ஆகவே விலை உயர்ந்த அந்த வணிக இயந்திரத்திலிருந்து துணி, நீங்கள் பழகியதைவிட நிறைய ஈரத்தோடு வெளியே வரும். உலர்த்தும் இயந்திரம் இல்லாத வீட்டுக்கு அது பெரும் தொல்லை. இதை எந்த விற்பனையாளரும் தாமாகச் சொன்னதாக நான் இதுவரை கேள்விப்படவில்லை.

அப்படியானால் வாங்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு, ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டுச் சுற்றுக் கணக்கில் யோசிப்பதே சரி (ஒரு முறை துவைத்து முடிப்பது ஒரு சுற்று). ‘இருபது ஆண்டு உழைக்கும்’ என்ற பேச்சில் பொருள் எதுவும் இல்லை. எத்தனை சுற்றுகளுக்கு அல்லது எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு வடிவமைத்தது என்பதை நல்ல உற்பத்தியாளர்கள் எழுத்தில் தருவார்கள். நாளுக்கு 3 சுற்று ஓடும் வீட்டில் ஆண்டுக்கு 1,095 சுற்றுகள் ஆகின்றன. 10,000 சுற்றுகளுக்கு வடிவமைத்த இயந்திரம் அங்கே சுமார் 9 ஆண்டு வரும். நாளுக்கு 1 சுற்று மட்டும் ஓட்டும் வீட்டில் அதே இயந்திரத்தின் கணக்கு 27 ஆண்டு என்று வரும். ஆனால் அதற்கு வெகு முன்பே ரப்பர் பாகங்கள் இறுகிவிடும், மின்னணு போர்டு கடைகளில் கிடைக்காமல் போகும். எனவே சிறு குடும்பத்துக்கு இந்த முதலீடு தேவையில்லை என்பதே என் கருத்து. தொட்டியைப் பிரித்துப் பேரிங் மாற்றக்கூடிய நல்ல வீட்டு மாடலே போதும். எங்களைப் போல இடைவிடாமல் துவைப்பவர்களுக்கு, மிதக்கும் வகையைச் சேர்ந்த சிறிய வணிக இயந்திரம் பொருத்தமானது. அதன் சுற்றுகள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதும் நோயாளி இருக்கும் வீட்டுக்குப் பெரிய உதவி.

எங்கள் முறையீட்டுக்குப் பிறகு அந்தக் கடை சமரசமாக முன்வைத்த மாற்றையும் சொல்லியாக வேண்டும். ‘சிறிதே பயன்படுத்திய’ வணிக இயந்திரம் ஒன்றைத் தருவதாகச் சொன்னார்கள். வெளியே புது வண்ணம் பூசிப் பளபளப்பாகத்தான் இருந்தது. இத்தகைய இயந்திரங்கள் பலவற்றில், ஓடிய சுற்றுகளின் எண்ணிக்கையை இயந்திரத்தின் திரையில் உள்ள பராமரிப்புப் பகுதியில் காண முடியும். அதைக் காட்டும்படி கேட்டோம். காட்ட மறுத்தார்கள், நாங்களும் அதை ஏற்க மறுத்துவிட்டோம். பழைய இயந்திரம் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணையும், பேரிங் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கான சான்றையும் காட்டாத எதையும் தொடாதீர்கள்.

வாங்குவது என்று முடிவு செய்தால், கடையில் சொல்லும் மாடல் எண்ணை அதன் கடைசி எழுத்து வரை குறித்துக்கொண்டு, உற்பத்தியாளரின் சொந்த விவரக் குறிப்பில் அது எந்த வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். நிறுவும் இடம் வீடு என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த இடத்தில் உத்தரவாதம் செல்லும் என்பதைக் கடையிடம் அல்லாமல் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பெறுங்கள். பேரிங், சீல், போர்டு ஆகியவற்றுக்கு எவ்வளவு காலம் பொறுப்பேற்கிறார்கள், அந்தக் காலத்தில் வேலைக்கூலி யாருடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே விவரத் தகட்டைப் படம் எடுத்து, ரசீதில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

இப்படிப்பட்ட இயந்திரத்தை ஏற்கெனவே வாங்கி, இன்னும் பழுது வராமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பழுது வரும்வரை காத்திருக்க வேண்டாம். தகட்டின் படத்தை உற்பத்தி நிறுவனத்துக்கு அனுப்பி, இது வீட்டு மாடலா வணிக மாடலா என்ற ஒரே கேள்விக்கு எழுத்தில் பதில் பெறுங்கள். ரசீதைத் திருத்தித் தரும்படி கடையிடம் கேட்பது அதன் பிறகு நடக்கட்டும். அந்தப் பதில் கையில் இருந்தால்தான், தவறான வகையைச் சொல்லி விற்றது கடை என்பதை நுகர்வோர் குறைதீர் அமைப்பில் நிறுவ முடியும். எங்கள் முறையீடு இப்போது விசாரணையில் இருக்கிறது. நிறுவனம் எழுதித் தந்த அந்த ஒரு பக்கக் கடிதம்தான் அதில் எங்களிடம் உள்ள முதன்மைச் சான்று.