உட்கார்ந்தால் ஒழுகும் மழைக்கோட்டு

முப்பது வருடமாக ஊசி பிடிக்கிறவன் ரெடிமேட் வாங்கினால் வீட்டில் சிரிக்கத்தான் செய்வார்கள். மதுரைப் புதுமண்டபத்தில் தொழில் கற்று, இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் மெஷின் போட்டிருக்கிறேன். மழைக்கோட்டு மட்டும் தைத்ததில்லை. மதுரையில் யார் வந்து கேட்கிறார்கள்?

ஜூலையில் மைத்துனனின் பைக்கில் கேரளக் கடற்கரை வழியாகப் போய், வயநாடு ஏறி, நீலகிரியில் பந்தலூர், தேவாலாவின் பழைய தங்கச் சுரங்கப் பக்கம் சுற்றிவிட்டுத் திரும்புவதாக முடிவானது. உள்ளூர்க் கடை ஒன்றில் 1,350 ரூபாய்க்கு இந்த மழைக்கோட்டை வாங்கினேன். கடை பெயரும் தயாரித்தவர் பெயரும் வேண்டாம். மேல்சட்டை, பேன்ட், சுருட்டி வைக்க ஒரு பை. பாலியெஸ்டர் துணி, உள்பக்கம் பூச்சு. ‘நூறு சதவீதம் நீர் புகாது’ என்று அட்டையில் போட்டிருந்தது.

பொள்ளாச்சி வரை அது பையைவிட்டு வெளியே வரவில்லை. பாலக்காட்டில் தூறல். கோழிக்கோட்டில் பிடித்த மழை கொயிலாண்டி, வடகரை என்று கூடவே வந்தது. மேல்சட்டைக்குக் குறை சொல்ல மாட்டேன். ஜிப்பின் மேல் இரட்டை மடிப்பு வைத்திருக்கிறார்கள்; நெஞ்சில் சொட்டு இறங்கவில்லை. கழுத்துப்பட்டை மட்டும் தாடையை அறுத்தது.

மாஹேயில்தான் விஷயம் தெரிந்தது. 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து, இன்று புதுச்சேரியைச் சேர்ந்த சிற்றூர் அது. பெட்ரோல் மலிவு என்பதால் பங்க்கில் நீண்ட வரிசை. மழையில் பைக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தோம். மடியில் தேங்கிய தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கியது. தலச்சேரியில் கல்லுமக்காய் என்ற கடல் சிப்பி வறுவலை நின்றுகொண்டே தின்றேன். “ஏன் மச்சான், நாற்காலி பிடிக்கவில்லையா?” என்றான் மைத்துனன். அவனுடைய கோட்டு வேறு கம்பெனி.

இரவு அறையில் பேன்டைப் புரட்டிப் பார்த்தேன். கவட்டையில் நான்கு துணிகள் கூடுகின்றன. அந்தத் தடிப்புக்குப் பயந்து பெரிய ஊசி போட்டிருக்கிறார்கள். 16ஆம் நம்பராக இருக்கும். போதாக்குறைக்கு அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல். சாதாரண பேன்டுக்கு அது பலம். மழைத்துணியில் ஊசி குத்திய ஒவ்வொரு இடமும் ஓட்டை, எட்டே போதும். ஓட்டைகளை அடைக்க உள்ளே ஒட்டிய டேப், நான்கு மடிப்புகள் மேலே ஏறும்போது படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வாங்கும்போதே விரலை விட்டுத் தடவியிருந்தால் தெரிந்திருக்கும். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கடைக்காரர் விடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

மானந்தவாடி, பத்தேரி, சேரம்பாடி வழியாகப் பந்தலூர். தேவாலாவில் மழை சாய்வாக அடிக்கிறது. பிரவ் ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இந்தப் பகுதியைப் பற்றி 1880இல் அறிக்கை கொடுத்தார். லண்டனில் வரிசையாகக் கம்பெனிகள் தொடங்கிப் பங்கு விற்றார்கள். மாதிரிக் கல்லில் தெரிந்த பொன், பாறையை டன் கணக்கில் அரைத்தபோது கிடைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே எல்லாம் படுத்துவிட்டது. அந்தப் பங்குப் பத்திரங்களிலும் என் கோட்டு அட்டையில் இருந்த மாதிரி ஏதாவது அச்சடித்திருப்பார்கள். இன்று தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருட்டு வாய்களாகச் சுரங்கங்கள் கிடக்கின்றன. திருட்டுத்தனமாகத் தோண்டப்போய் மண் சரிந்து செத்தவர்கள் உண்டு. நாங்கள் வெளியிலேயே நின்றோம்.

அந்தக் கொட்டுமழையிலும் கொழுந்து பறிக்கிறார்கள். தலையில் கொங்காணி என்ற முக்காடு, இடுப்பில் பிளாஸ்டிக் படங்கு. டீக்கடையில் ஒதுங்கிய ஒரு அம்மாவிடம் ஒழுகாதா என்று கேட்டேன். “இதில் எங்கே தம்பி தையல் இருக்கிறது, ஒழுகுவதற்கு?” என்றார். என்ன தொழில் என்று அவர் கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

மேல்சட்டையைத் தனியாக விற்றால் 700 ரூபாய் வரை கொடுக்கலாம். நடந்து போகிறவர்களுக்குப் பேன்டும் போதும். பைக்கில் நாள் முழுக்க உட்காருகிறவர்கள் வாங்காதீர்கள்.

ஊர் திரும்பி அந்த நான்கு துணிக் கூட்டை வெட்டி எடுத்துவிட்டு, ஒரே துண்டாக டயமண்ட் வடிவத்தில் ஒரு பட்டை வைத்தேன். தையல் இப்போது தொடைப் பக்கம் ஒதுங்கிவிட்டது. சின்ன ஊசி, எட்டுத் தையல், மேலே டேப். மொட்டைமாடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மடியில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். மனைவி சந்தோஷமாக இரண்டு வாளி ஊற்றினாள். இடது தொடையில் கொஞ்சம் ஈரம் தெரிந்தது. அங்கே டேப்பை இன்னொரு முறை தேய்க்க வேண்டும்.