சக்கர நாற்காலியில் மெரினாவுக்கு: மெட்ரோவா, தாழ்தளப் பேருந்தா, ஆட்டோவா?

மதுரையிலிருந்து விமானத்தில் வந்த பெரியப்பாவுக்கு மெரினாவில் கால் நனைக்க ஆசை. மடக்கு நாற்காலிதான் அவருக்கு வாகனம். எதில் கூட்டிப்போவது?

மின்சார ரயிலை முதலிலேயே தள்ளிவிட்டேன். திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பெட்டியும் உண்டு. ஆனால் நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி, அப்புறம் உயரம். ரயில் நிற்கும் சில நொடிகளில் ஆளோடு நாற்காலியைத் தூக்கி ஏற்ற வேண்டும். வழியில் பறக்கும் ரயிலுக்கு வேறு மாற வேண்டும்.

மெட்ரோ அந்தக் கவலையே வைக்காது. விமான நிலையத்திலிருந்து நீல வழித்தடத்தில் அரசினர் தோட்டம் வரை ஒரே ரயில். லிஃப்ட், அகலமான டிக்கெட் கேட், நடைமேடை மட்டத்திலேயே பெட்டித் தரை, உள்ளே நாற்காலி நிறுத்த இடம். எந்த வாசலில் லிஃப்ட் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா வாசலிலும் இருக்காது. சிக்கல் இறங்கிய பிறகுதான். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலில் சக்கர நாற்காலி போகப் போட்ட மரப்பாதைக்கு அங்கிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நம் நடைபாதைகளில் நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தூரம் எவ்வளவு என்று தெரியும்.

இந்த மிச்சத் தூரத்துக்கு என் ஓட்டு தாழ்தளப் பேருந்துக்கு. பழைய பேருந்தின் தரை 900 மில்லிமீட்டர் உயரம், இதில் 400தான். ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் புஸ்ஸென்று காற்று இறங்கி வண்டி ஒருபக்கமாகச் சாயும், வாசலில் மடிந்திருக்கும் பலகையை விரித்தால் நாற்காலி நேராக உள்ளே. 2024 ஆகஸ்டில் இறங்கிய இந்த வண்டிகள் எல்லாத் தடத்திலும் கிடையாது. நிறுத்தத்தை ஷேர் ஆட்டோக்கள் அடைத்து நின்றால் வண்டி நடுரோட்டில்தான் நிற்கும். அங்கே பலகையை விரித்தால் சறுக்குமரம்தான்.

ஆட்டோ வாசலுக்கே வரும். மடக்கு நாற்காலி சீட்டுக்குப் பின்னால் அடங்கிவிடும். பேட்டரி நாற்காலி வைத்திருப்பவர் ஆட்டோவை மறந்துவிடலாம்.

என் ஓட்டு பேருந்துக்கு என்றாலும் அந்தச் சிக்கல்களை நினைத்து, கடைசியில் மெட்ரோ, பிறகு ஆட்டோ. 2022 நவம்பரில் திறந்த அந்த மரப்பாதை 263 மீட்டர். டிசம்பரிலேயே மாண்டஸ் புயல் பிய்த்துப்போட்டது, பிறகு சீர்செய்தார்கள். பலகை மேல் சக்கரம் தடதடக்கப் போய் அலையைப் பார்த்தாயிற்று. திரும்பும்போது எதில் போகலாம் என்று கேட்டேன்.

“ஆட்டோவையே கூப்பிடுடா, தூக்கம் வருது” என்றார் பெரியப்பா.