பெரிய திரை டிவி: மாற்ற முடியாததில் பணத்தைப் போடுங்கள்

பெரிய திரை டிவி எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வாங்கிய பிறகு எதையெல்லாம் மாற்ற முடியாதோ, அதில் பணத்தைப் போடுங்கள். திரையின் அளவை மாற்ற முடியாது. பேனலின், அதாவது படத்தை உருவாக்கும் திரைப்பலகையின், வகையை மாற்ற முடியாது. பின்பக்கத்து எச்டிஎம்ஐ இணைப்புகளின் எண்ணிக்கையையும் தரத்தையும் மாற்ற முடியாது. ஒலி அப்படியல்ல, தனி ஸ்பீக்கர் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். செயலிகளும் (ஆப்கள்) அப்படியல்ல, விரல் நீளக் கருவி ஒன்றைச் செருகினால் போதும், எல்லாம் புதிதாகிவிடும். ஆனால் விளம்பரங்கள் உரக்கப் பேசுவதோ பெரும்பாலும் இந்த மாற்றக்கூடிய விஷயங்களைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டில் 65 அங்குல எல்சிடி டிவி நான்கைந்து ஆண்டுகளாக உழைக்கிறது. காலையில் செய்தி, பிற்பகலில் தொடர்கள், இரவில் படம், விடுமுறை நாட்களில் விளையாட்டு என்று அதற்கு ஓய்வே கிடையாது. ஒரு டிவியின் குணம் முதல் மாதத்தில் தெரிவதில்லை. புதுமை தீர்ந்த பிறகுதான் எது உண்மையிலேயே பயன்படுகிறது, எது வெறும் பெயர்ப்பலகை என்பது புரிகிறது.

முதலில் அளவு. 65 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்தது. திரையின் அகலம் ஏறக்குறைய 144 சென்டிமீட்டர், உயரம் 81. 55 அங்குலத்தைவிடப் பத்து அங்குலம்தானே கூடுதல் என்று தோன்றும். பரப்பளவில் அது சுமார் 40 சதவீதம் கூடுதல். இதைக் காகிதத்தில் படித்தால் மனதில் பதியாது. பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் ஒரு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் முடிவு செய்தோம். மேசைமேல் வைப்பதாக இருந்தால் கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல மாடல்களில் கால்கள் இரண்டு ஓரங்களில் இருக்கின்றன. இருக்கிற மேசை போதாமல் போய்விடும்.

எவ்வளவு தூரத்தில் உட்காருவது என்பதற்குப் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. திரை நம் பார்வையில் 30 டிகிரி அகலத்தை அடைத்தால் வசதியாக இருக்கும். 40 டிகிரி என்றால் திரையரங்க உணர்வு. 65 அங்குலத்துக்கு முதலாவது சுமார் 2.7 மீட்டர், இரண்டாவது சுமார் 2 மீட்டர். 4கே திரையில், அதாவது குறுக்கே 3840 புள்ளிகள் உள்ள திரையில், ஒரு புள்ளியின் அகலம் 0.37 மில்லிமீட்டர்தான். இதே அளவுத் திரை, குறுக்கே 1920 புள்ளிகள் மட்டுமே உள்ள முழு எச்டியாக இருந்தால் ஒரு புள்ளி 0.75 மில்லிமீட்டர் இருக்கும். நல்ல பார்வை உள்ள ஒருவரின் கண் அந்தப் பெரிய புள்ளியைப் பிரித்தறியும் எல்லை ஏறக்குறைய 2.6 மீட்டர். அதற்கு அப்பால், 4கே தரும் கூடுதல் கூர்மை கண்ணுக்கு எட்டுவதே இல்லை. நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு 4கேயில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். நாங்கள் சோஃபாவைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்துப் போட்டோம். செலவே இல்லாமல் கிடைத்த இந்த மாற்றம், படத்தின் தரத்தை மற்ற எதையும்விட அதிகமாக உயர்த்தியது.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. உட்கார்ந்திருக்கும்போது கண் இருக்கும் உயரத்தில் திரையின் நடுப்பகுதி வரவேண்டும். கதவு உயரத்துக்குத் தூக்கி மாட்டினால் அறை அழகாகத் தெரியலாம். இரண்டு மணி நேரப் படம் முடிவதற்குள் கழுத்து வலிக்கும்.

பேனலுக்கு வருவோம். இதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். எல்சிடி தானே ஒளிராது, பின்னாலிருந்து வரும் விளக்கொளியை மறைத்தும் விட்டும் படம் காட்டும். அதில் பரவலாக இருப்பவை விஏ, ஐபிஎஸ் என்ற இரண்டு வகைகள். விஏ வகையில் கறுப்பு கறுப்பாக இருக்கும். வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள விகிதம் சாதாரணமாகவே 3000-க்கு மேல். ஐபிஎஸ்ஸில் அது 1000-ஐ ஒட்டித்தான் நிற்கும், ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மங்காது. கடையில் நூறு விளக்குகளுக்குக் கீழே இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, மேலும் கீழும் கறுப்புப் பட்டையுடன் வரும் அகலத்திரைப் படம் ஒன்றைப் போட்டால்தான் தெரியும்: ஒன்றில் பட்டைகள் இருட்டோடு கலந்துவிடும், மற்றொன்றில் சாம்பல் நிறத்தில் தனியாக நிற்கும்.

ஓஎல்இடி ஏன் வாங்கவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் அந்தத் திரையின் கறுப்புக்கு ஈடு இணை இல்லை, அதில் எனக்கு மாற்றுக்கருத்து கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் செய்தி சேனல் மணிக்கணக்கில் ஓடும். மூலையில் அசையாத சின்னம், கீழே அதே இடத்தில் அதே சிவப்புப் பட்டை. ஓஎல்இடியில் அதிகம் ஒளிரும் புள்ளிகள் சீக்கிரம் மங்கும். ஒரே உருவம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிட வாய்ப்பு உண்டு. படமும் தொடரும் மட்டும் பார்க்கும் வீடாக இருந்தால், இருட்டான அறையாக இருந்தால், தயங்காமல் ஓஎல்இடி வாங்குங்கள். அம்மா நாள் முழுவதும் செய்தி பார்க்கும் எங்கள் வீட்டுக்கு, பகுதி பகுதியாகப் பின்னொளியைக் கூட்டிக் குறைக்கும் விஏ பேனல்தான் சரியான தேர்வு என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

அதற்கும் குறை உண்டு. பின்னொளிப் பகுதிகள் சில டஜன்தான். திரையில் உள்ள புள்ளிகளோ 83 லட்சம். நள்ளிரவுக் காட்சி ஒன்று, வானம் முழுக்கக் கறுப்பு, ஒரு கதாபாத்திரம் பேசத் தொடங்குகிறது. வெள்ளை எழுத்தில் வசனவரி வந்தவுடன் அதற்குப் பின்னால் இருக்கும் பகுதி விழித்துக்கொள்கிறது. எழுத்துகளைச் சுற்றி, பனிமூட்டத்தில் தெருவிளக்கைச் சுற்றித் தெரிவதுபோல ஒரு மங்கலான ஒளிவட்டம். வசனவரி மறைந்ததும் ஒரு கணம் தாமதித்து அதுவும் அணைகிறது. நேர் எதிரே உட்கார்ந்தால் குறைவாகவும் பக்கவாட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் நன்றாகவும் தெரியும். வசனவரியின் நிறத்தை வெளிர்சாம்பலாக மாற்ற அனுமதிக்கும் செயலிகளில் அப்படி மாற்றிவிட்டேன், தொந்தரவு பெருமளவு குறைந்தது. பின்னொளிக்கு மிகச் சிறிய எல்இடிகளைப் பயன்படுத்தும் மினி எல்இடி டிவிகளில் பகுதிகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல் போகிறது. இன்று எல்சிடி வாங்குபவர் விசாரிக்க வேண்டிய முதல் எண் இது. விளம்பரத் தாளில் பல நேரங்களில் இதைப் போடுவதே இல்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே அதிக வீச்சைக் காட்டும் எச்டிஆர் என்ற முத்திரையும் இதோடு சேர்ந்ததுதான். எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1000 நிட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. 300 நிட் தாண்டாத பேனலும் அந்தச் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும், திரையின் மூலையில் எச்டிஆர் என்று அறிவிக்கவும் செய்யும். காட்ட மட்டும் முடியாது. எச்டிஆரின் ஒரு வகையான டால்பி விஷன் முத்திரை இருந்தாலும் கதை இதேதான்.

டிவி வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பளிச்சென்று காட்டும் முறையை (விவிட்) அணைத்துவிட்டுப் பட முறைக்கு (மூவி அல்லது சினிமா) மாற்றுங்கள். படத்தை இயக்குநர் நினைத்தபடியே காட்டுவதற்காக 2019-இல் அறிவிக்கப்பட்ட ஃபிலிம்மேக்கர் முறை உங்கள் டிவியில் இருந்தால் இன்னும் நல்லது. படங்களுக்கு நிறம் திருத்துபவர்கள் 6500 கெல்வினை (ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் அளவு) ஒட்டிய வெள்ளையை அடிப்படையாக வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். பளிச் முறை அதை நீலத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. மாற்றிய முதல் சில நாட்கள் எல்லாம் மஞ்சளடித்தாற்போல இருக்கும். எங்கள் வீட்டிலும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு வாரம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு பழைய முறையை ஒருமுறை போட்டுக் காட்டியபோது, முகங்கள் எல்லாம் சுண்ணாம்பு நிறத்தில் இருக்கின்றன என்று அம்மாவே சொன்னார். பெரும்பாலான டிவிகள் சாதாரணப் படம், எச்டிஆர், டால்பி விஷன் ஆகியவற்றுக்குத் தனித்தனி அமைப்புகளை வைத்துக்கொள்கின்றன. ஒவ்வோர் எச்டிஎம்ஐ இணைப்புக்கும் தனி. ஓரிடத்தில் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் படங்களுக்கு அணைத்துவிடுங்கள். படங்கள் வினாடிக்கு 24 சட்டங்களில் (ஃபிரேம்களில்) எடுக்கப்படுகின்றன. நடுவில் டிவி தானாகச் சட்டங்களை உருவாக்கிச் சேர்த்தால் பெரும் பொருட்செலவில் எடுத்த படம்கூட நாடக ஒத்திகை மாதிரி ஆகிவிடுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையில், 24 சமமாக வகுபடாது. ஒரு சட்டம் இருமுறை, அடுத்தது மும்முறை என்று காட்டுவதால் கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் சிறு தடுமாற்றம் தெரியும். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு சட்டமும் சரியாக ஐந்து முறை, தடுமாற்றம் இல்லை. பேனலின் உண்மையான வேகம் 120 தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவும் பிறகு மாற்ற முடியாத ஒன்று.

பெரிய திரை இரக்கமில்லாதது. பழைய 576 வரி ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு 4,14,720 புள்ளிகள்தான். 4கே திரையில் 82,94,400. வகுத்துப் பாருங்கள், சரியாக இருபது. மூலத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இருபது புள்ளிகளை டிவி நிரப்பியாக வேண்டும். எங்கள் பழைய 32 அங்குல டிவியில் குறையே தெரியாத சேனல்கள், இதில் தண்ணீரில் கரைந்த ஓவியம்போல ஆகிவிட்டன. உங்கள் வீட்டில் பார்ப்பது பெரும்பாலும் அத்தகைய சேனல்கள் என்றால், படத்தைச் சீராக்கும் சில்லின் (பிராசசர்) தரம் நன்றாக உள்ள டிவியைத் தேர்ந்தெடுங்கள். கடையில் 4கே மாதிரிப் படத்தை நிறுத்தச் சொல்லி, சாதாரண சேனலைப் போடச் சொல்லுங்கள்.

ஒலியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மெல்லிய டிவியில் ஸ்பீக்கருக்கு இடம் இல்லை, கீழ்நோக்கியோ பின்நோக்கியோதான் பேசும். வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால், நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள ஒரு சவுண்ட்பார் போதும். இணைக்கும்போது டிவியிலிருந்து ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும், இஏஆர்சி என்று குறித்திருக்கும் எச்டிஎம்ஐ துளையைப் பயன்படுத்துங்கள். சில டிவிகளில் 4கே 120 ஹெர்ட்ஸைத் தாங்கும் துளைகள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்றுதான் இஏஆர்சியும். வீடியோ கேம் கருவிகள் இரண்டு வைத்திருப்பவர்கள் இதை வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

மென்பொருள்தான் முதலில் கிழடு தட்டியது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் முகப்புப் பக்கம் திறக்கவே நேரம் எடுத்தது, மூன்றாம் ஆண்டில் செயலி ஒன்று இந்த மாடலுக்கு இனி ஆதரவு இல்லை என்று அறிவித்துவிட்டது. வெளிக் கருவி ஒன்றைச் செருகினோம், பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. டிவியின் சொந்த மென்பொருளை இப்போது யாரும் தொடுவதில்லை. அதை ஒதுக்கும் முன், நாம் பார்ப்பதைக் கவனித்துத் தகவல் அனுப்பும் வசதியை அமைப்புகளில் தேடி அணைத்துவிட்டேன். நீங்களும் அணைத்துவிடுங்கள்.

உறுதியைப் பற்றி ஓர் அனுபவம். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு திரையின் இடது பக்கம் வெள்ளையாக ஒரு வட்டப் புள்ளி தோன்றியது. வெளிர்நிறக் காட்சிகளில் பளிச்சென்று தெரியும். முதலில் வந்த பணியாளர் முழு பேனலையும் மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு டிவியே வாங்கியிருக்கலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அனுபவமுள்ள வேறொரு மெக்கானிக்கை அழைத்தோம். பின்னொளி எல்இடி ஒன்றின் மேல் ஒட்டியிருந்த சிறு வில்லை பசை விட்டுக் கழன்றிருந்தது. ஒளியைப் பரப்ப வேண்டிய வில்லை இல்லாததால் அந்த இடம் மட்டும் பளீரென்று ஒளிர்ந்தது. அவரும் உதவியாளரும் கண்ணாடியைக் கவனமாகத் தூக்கி வைத்து, தளர்ந்திருந்த எல்லா வில்லைகளையும் மீண்டும் ஒட்டினார்கள். டிவி புதிதுபோல ஆகிவிட்டது. பசை விடுவதற்குச் சூடுதான் பெரும்பாலும் காரணம் என்று அவர் சொன்னார். இரவில் பின்னொளியைப் பாதிக்குக் கீழே வைத்துக்கொள்ளும் பழக்கம் கண்ணுக்கும் நல்லது, எல்இடிகளுக்கும் நல்லது.

திரையைத் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியே போதும். எந்தத் திரவத்தையும் நேராகத் திரையில் தெளிக்காதீர்கள். அது வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும். அங்கேதான் பேனலின் மெல்லிய இணைப்புகள் இருக்கின்றன. செங்குத்துக் கோடு விழுந்த திரைகளில் சில இப்படித்தான் போயிருக்கின்றன.

புதிய டிவி வந்த நாளிலேயே வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரை முழுக்கப் போட்டுப் பாருங்கள். கறைபோன்ற பட்டைகள் அதில்தான் தெரியும். அவை இருந்தால், பச்சை மைதானத்தின் குறுக்கே கேமரா ஓடும் ஒவ்வொரு கால்பந்து ஆட்டத்திலும் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். லேசான வேறுபாடு எல்லாப் பேனலிலும் உண்டு. ஆட்டத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் மாற்றித் தரும் காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் காலம் முடிந்த பிறகும் அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மகோலையும் தூக்கி எறியாதீர்கள். இவ்வளவு பெரிய பேனலைப் படுக்க வைத்து எடுத்துச் சென்றால் கண்ணாடி விரிசல் விடும் அபாயம் உண்டு. வீடு மாறும்போது நிற்க வைத்தே கொண்டுபோக அந்தப் பெட்டி வேண்டும்.